கடைசி ஆள் இரண்டு பேர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பல் டாக்டரம்மாவின் நாற்காலியில். வாய் நிறையப் பஞ்சு. குறுக்குக் கேள்வி கேட்க வழியில்லை. கேட்காமல் விட்டதையெல்லாம் இப்போது நானே இட்டுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதல் வரி: 'மனம் நொந்த இளைஞர்களுக்காக ஊரே திரண்டு ஓடிய அந்தப் பொன்னான காலையில்...'

(அடித்துவிட்டேன். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ போலிருக்கிறது.)

2

லிப்ட் மெக்கானிக்கிடமிருந்து தொடங்குகிறேன். வாயாடி மனிதர். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியிலிருந்தே பேசிச் சிரிக்க வைத்துவிடுவார். அந்தப் பாச்சா மகளிடம் மட்டும் பலிக்கவில்லை. படிப்பைப் பாதியில் விட்டு வந்தவள், அறைக்குள்ளேயே கிடந்தாள். மனநல மையத்து ஆலோசகரிடம் பேசினாள். அப்பாவுக்கு 'ம்', 'ம்ஹூம்' மட்டும்தான். ஒரு முழு வாக்கியம் பேசிவிட மாட்டாளா என்று மனிதர் ஏங்கிப்போனார்.

3

அந்த மையத்துக்கு நிதி திரட்டத்தான் ஓட்டம். அதில் ஒரு வழக்கம் உண்டு. கடைசியாக வந்தோமே என்று யாரும் கூசக் கூடாதென்று, ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவர் எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவார். அவர்தான் 'கடைசி ஆள்'.

ஓட்டத்தை நடத்திய பல் டாக்டரம்மா அந்த வேலையை மெக்கானிக்கின் மகளுக்குக் கொடுத்தார். யாரையும் முந்த வேண்டாம் என்றதும் அவள் தலையாட்டிவிட்டாள். கூட நின்று நடத்திய டாக்டரம்மாவின் தம்பியோ அதே வேலையை அவள் அப்பாவுக்குக் கொடுத்துவைத்திருந்தார். அக்கா தம்பி கலந்து பேசவில்லை. அப்பா மகளும் பேசவில்லை. ஒரே வீட்டில் இரண்டு ஆரஞ்சுச் சட்டைகள் தனித்தனியாகக் காய்ந்தன.

(நம்ப முடியவில்லையா? உங்கள் வீட்டில் யார் யார் பேசிக்கொள்வதில்லை என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.)

4

ஓட்டம் தொடங்கி எல்லோரும் முன்னே ஓடிவிட்டார்கள்; பின்னால் ஆரஞ்சுச் சட்டையில் அப்பாவும் மகளும். அவளை முன்னே விட அவர் நடையைக் குறைத்தார். அவளும் குறைத்தாள். அவர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார். அவளும் குனிந்தாள்.

"நீங்க முன்னாடி போங்கப்பா."

(முழு வாக்கியம்! நான் எழுந்துபோய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தேன்.)

"முடியாதும்மா. நான்தான் கடைசி ஆள்."

"என்னைத்தான் டாக்டரம்மா சொன்னாங்க."

சண்டை பிடித்துக்கொண்டது. எங்கெங்கோ போய்க் கடைசியில் வீட்டுக்கு வந்து நின்றது.

"நீங்க ஜோக் சொன்னா நான் சிரிச்சே ஆகணும்னு இருக்குப்பா. அதுக்குத் தெம்பில்லாமத்தான் கதவைச் சாத்திக்கிட்டேன்."

வாயாடி மனிதர் தன் ஆரஞ்சுச் சட்டையை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சரிம்மா. இனிமே சிரிக்காத."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. (அவள் அவர் தோளில் சாய்ந்து விம்மி... இல்லை. சிரித்தாள். அவ்வளவுதான். மறுநாளும் கதவு சாத்தித்தான் இருந்தது. உள்ளேயிருந்து பேச்சு மட்டும் வந்தது.)

5

முடிவுக் கோட்டுக்கு ஓரடி முன்னால் இருவரும் நின்றுவிட்டார்கள். நீ போ, நீங்க போங்க. கைகோத்துக் கடந்தார்கள் என்று எழுதிப் பார்த்தேன்; காலண்டர் படமாகிவிட்டது. டாக்டரம்மா பிடித்துத் தள்ளினார் என்றும் எழுதினேன். அவரிடம் காட்ட எனக்கு இன்னும் இரண்டு பல் பாக்கியிருப்பதால் கிழித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். எப்போதோ ஓடி முடித்திருந்த ஒரு பையன் கோட்டைத் தாண்டித் திரும்பி வந்து, அவர்களுக்குப் பின்னால் நின்றான். "நான்தான் கடைசி," என்றான். அவனுக்குப் பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள். அப்புறம் டாக்டரம்மா, தம்பி, தண்ணீர் கொடுத்தவர்கள். வரிசை தெருமுனையைத் தாண்டிப் போய்விட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள்கூட இல்லை.

யாராவது முதலில் கடந்தால்தான் கதை முடியும். நீங்கள் போங்கள். நான் பின்னால் வருகிறேன்.