விநாயகமூர்த்தியின் அந்தியேட்டி

"உமக்கு இந்தப் பனியைப் பிடிக்குமோ?"

முப்பத்துநாலு வருடக் குடும்ப வாழ்க்கையில் தியாகலிங்கம் கேட்டவற்றில் இந்த ஒன்றுக்குத்தான் சந்திரவதனா பதில் சொல்லாமல் விட்டாள். கேட்டது போன மாதம், ரூஜ் பகுதியில் மகள் வீட்டுச் சமையலறை ஜன்னலடியில் நின்று. அவளுக்கு அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. பனி என்றால் வழிப்பது, உப்புத் தூவுவது, பஸ்ஸுக்கு நின்று கால் விறைப்பது. அதைப் பிடிக்குமோ பிடிக்காதோ என்று யார் யோசித்தார்கள்?

"அம்மா, அந்த ஜக்கெற்றைக் கழட்டித் தாங்கோ. உள்ளுக்கை வேர்க்கப் போகுது," என்று மகள் நிலாணி கையை நீட்டினாள்.

ஃபியூனரல் ஹோம் வாசலில் சனம் சப்பாத்துப் பனியைத் தட்டித் தட்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. சந்திரவதனா போட்டிருந்தது புருசனுடைய கறுப்பு ஜக்கெற். தோள் இரண்டும் வழிந்து தொங்கின.

"இருக்கட்டும் பிள்ளை. எனக்குக் குளிருது."

"அப்பான்ரை மணம் இருக்கெண்டு போட்டிருக்கிறியள், என்ன?" நிலாணி மெல்லத் தாயின் தோளிலிருந்து அதை உரிந்து, கொண்டுபோய்க் கொழுவிவிட்டாள்.

சந்திரவதனா மறுக்கவில்லை. மணமும் இருந்ததுதான். ஆனால் உள்பையில் ஒரு கடித உறையும் இருந்தது. அது மகளின் கண்ணில் படக்கூடாது என்றுதான் அதைப் போட்டுக்கொண்டே வந்திருந்தாள்.

இருதயக் குழாய் அடைப்புக்கு இரண்டு ஸ்ரென்ற் வைத்த பிறகு தியாகலிங்கத்துக்கு மகள் போட்ட சட்டம்: பனி வழிக்கக் கூடாது, குளிருக்குள் நடக்கக் கூடாது. அவரோ கியூபெக் நகரத்தின் படங்களைப் போனில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானூறு வருடத்துப் பழைய ஊர், கல்மதில், பீரங்கி, பனி மூடிய கூரைகள். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து கல்யாணவீடு, செத்தவீடு, கோயில் தவிர இரண்டுபேரும் எங்கும் போனதில்லை. சும்மா ஊர் பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் எப்படிச் சொல்வதென்றே அவர்களுக்குத் தெரியாது.

"அந்தியேட்டி எண்டால் மறிக்க மாட்டாள்," என்றார் தியாகலிங்கம்.

"ஆற்றை அந்தியேட்டி?"

"எங்கடை மொன்றியல் விநாயகமூர்த்தி செத்து முப்பத்தோராம் நாள்."

"ஐயோ! அந்த மனிசன் கல்லுமாதிரி இருக்குது."

"இருக்கட்டுமே. அவன் குறை நினைக்க மாட்டான். பள்ளிக்கூடத்திலை தன்ரை மாமனை மூண்டு தரம் சாகடிச்சு லீவு எடுத்தவன்."

நிலாணி மறிக்கவில்லை. ஒரு அனுதாப அட்டை வாங்கி, உறையில் 'விநாயகமூர்த்தி குடும்பத்தினருக்கு' என்று தன் கோணல் கையெழுத்தில் எழுதி ஒட்டி, யூனியன் ஸ்ரேசனில் கொண்டுபோய் ரெயின் ஏற்றிவிட்டாள். அவர்கள் மொன்றியலில் இறங்கி கியூபெக் ரெயினைப் பிடித்தார்கள். ஹொட்டேல் குப்பைக்கூடையில் அட்டையைப் போடப் போனவரைச் சந்திரவதனாதான் தடுத்தாள். "உயிரோடை இருக்கிற மனிசன்ரை பேர். குப்பையிலை போடாதேங்கோ." கிழிக்கவும் மனம் வரவில்லை. அது உள்பையிலேயே தங்கிவிட்டது.

திரும்பி வந்து பதினோராம் நாள் காலை, சொக்ஸ் போடக் குனிந்த மனிதர் நிமிரவில்லை.

"அந்த மொன்றியல் பயணம்தான் அம்மா," என்று நிலாணி மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "செத்தவீட்டு அலுவல், போகாமல் இருக்கேலாது, எனக்கு விளங்குது. எண்டாலும்..." எப்போதும் வரக்கூடியதுதான் என்று டொக்டர் சொல்லியும் அவளுக்கு ஆறவில்லை. செத்தவீட்டு அலுவலுக்கே இப்படியென்றால், ஊர் பார்க்கப் போனது தெரிந்தால்? தன்னைப் பேசினால் பேசட்டும். அந்த இரண்டு நாளும் குற்றமாகிவிடக் கூடாது என்பதுதான் சந்திரவதனாவின் பயம். அவளிடம் மிச்சமிருந்தது அந்த இரண்டு நாள்தான்.

ஐயர் கிரியையைத் தொடங்க ஆயத்தப்படுத்தினார். மருமகன் கீதன் விரலில் தர்ப்பையோடு உட்கார்ந்திருந்தான். அப்போது வாசலில் நெட்டையான ஒரு மனிதர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

சந்திரவதனாவுக்கு ஆளைத் தெரிந்தது. செய்தி மொன்றியலுக்கும் போகும் என்று அவள் நினைக்கவேயில்லை.

அவர் நேரே பெட்டியடிக்குப் போய் தியாகலிங்கத்தின் காலைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு முன்வரிசைக்கு வந்தார். நிலாணி எழுந்து கைகூப்பினாள்.

"வாங்கோ அங்கிள். நீங்கள்...?"

"நான் மொன்றியல் விநாயகமூர்த்தி, பிள்ளை. கொப்பர் தியாகலிங்கத்தோடை ஒண்டாப் படிச்சனான். விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டனான், கிங்ஸ்ரன் வரைக்கும் ஒரே பனி."

நிலாணி அவரைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"அங்கிள், நீங்கள்... ஜனவரியிலை... மோசம் போனனீங்கள் எல்லோ?"

பக்கத்துக் கதிரையிலிருந்த அன்ரி ஒருத்தி நெஞ்சில் கையை வைத்தாள்.

"ஓம் பிள்ளை," என்றார் விநாயகமூர்த்தி, கொஞ்சமும் பதறாமல். "கொப்பர்தான் சாகடிச்சவர். கியூபெக்கிலை நிண்டு போன் எடுத்துச் சொன்னவர். 'டேய், உன்ரை அந்தியேட்டிக்கு வந்திருக்கிறம், ஒரு வடைகூட இல்லையடா' எண்டு."

"கியூபெக்கோ?"

சந்திரவதனா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏதோ பனியிலை சறுக்கிற இடமாம். 'எனக்கு நெஞ்சுக்குக் கூடாது, மகள் பேசுவாள், நான் கீழை நிக்கிறன்' எண்டான். பிறகு போனை நீட்டிப் பிடிச்சான். ஆரோ ஒரு பொம்பிளை வீரிட்டுக் கத்துற சத்தம். ஆரடா உது எண்டு கேட்டன். 'உது வதனா' எண்டான்." அவர் லேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்தார். "வேறை ஒண்டும் கதைக்கேல்லை. 'உது வதனா' எண்டு இன்னொருக்காச் சொன்னான். பிறகு வைச்சிட்டான்."

தியாகலிங்கம் போன் எடுத்தது சந்திரவதனாவுக்குத் தெரியாது. மரப்பலகைச் சறுக்கின் உச்சியிலிருந்து பார்த்தபோது, கோட்டைமாதிரி நின்ற பெரிய ஹொட்டேலின் அடியில், அவர் காதில் கையை வைத்துக்கொண்டு சின்னதாகத் தெரிந்தார். குளிருக்குக் காதைப் பொத்துகிறார் என்றுதான் நினைத்திருந்தாள்.

நிலாணி போய் வரிசையின் மறுகோடியில் உட்கார்ந்தாள். தேவாரம் முடிந்தது. வாய்க்கரிசி போட்டார்கள். பெட்டியை மூடி உள்ளே கொண்டுபோனார்கள்; கீதன் எரியூட்டும் பொத்தானை அழுத்தினான். ஒருதரமாவது மகள் தன் பக்கம் திரும்புவாள் என்று சந்திரவதனா பார்த்துக்கொண்டேயிருந்தாள். திரும்பவில்லை.

சனம் கலையத் தொடங்கியபோது நிலாணி அந்தக் கறுப்பு ஜக்கெற்றோடு வந்தாள். சின்னப்பிள்ளைக்குப் போடுவதுபோலத் தாயின் கைகளை ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்தாள். நெஞ்சுப் பக்கத்தைச் சரிசெய்த கை நின்றது. உறையை வெளியே எடுத்தாள். தன் கோணல் எழுத்தை வாசித்தாள்.

"பிள்ளை, நான்..."

"கத்தினனீங்களோ அம்மா?"

சந்திரவதனா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓம்."

"எத்தினை தரம்?"

"மூண்டு தரம் ஏறினனான்."

"த்ரீ டைம்ஸ்," என்று நிலாணி தனக்குள் சொல்லிக்கொண்டு, ஜக்கெற்றின் சிப்பைத் தாயின் கழுத்துவரை இழுத்துவிட்டாள். இழுத்த பிறகும் கையை எடுக்காமல் சற்று நேரம் அப்படியே நின்றாள்.

பிறகு வாசலடியில் நின்ற விநாயகமூர்த்தியிடம் போய், உறையை இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் தன் பெயரைப் பார்த்தார். பிரித்து, கண்ணாடி இல்லாமல் தூரப் பிடித்து, அச்சடித்த நாலு வரியையும் முழுதாக வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

செத்தவீட்டில் 'போயிட்டு வாறன்' என்று யாரும் சொல்வதில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். கண்ணாடிக் கதவுக்குள் நின்று சந்திரவதனா பார்த்தாள். பனி இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் தன் காரின் பனியைத் தும்புத்தடியால் தட்டினார். பிறகு அதே தடியோடு, வாசலை ஒட்டி நின்ற நிலாணியின் காருக்கு வந்தார். முன்கண்ணாடி, பின்கண்ணாடி, விளக்குகள், கதவுப் பிடி என்று ஒன்றையும் விடாமல் துடைத்தார். தன் காரில் ஏறினார். பெருந்தெருப் பக்கம் திருப்பிக்கொண்டு போனார்.