கிணற்றடிக் கற்கள்

அலுமாரியின் கீழ்த்தட்டுகள் இரண்டும் வெறுமையாகக் கிடந்தன. விரித்திருந்த பழைய பத்திரிகைத் தாளில் சுண்ணாம்புத் தூள் மட்டும் ஒட்டியிருந்தது. காலை பஸ்ஸில் ஊர்காவற்றுறைக்குப் போய், மத்தியானம் வீடு திரும்பிய சத்தியபாமா கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இஞ்சை இருந்த கல்லுகள் எங்கை?”

அவளுடைய புருசன் தில்லைநாதன் வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“அண்ணை கேட்டவர். குடுத்திட்டன்.”

“அந்தப் பூக்கல்லையோ?”

“எல்லாத்தையுந்தான்.”

“பூட்டியெல்லோ வைச்சனான்?”

“திறப்பு எங்கை கிடக்குமெண்டு எனக்குத் தெரியாதோ?” என்றார் அவர். “வீடு முழுக்கக் கல்லு. உமக்கு உது என்னத்துக்கு?”

 சத்தியபாமா கிணற்றடியை நோக்கிப் படியிறங்கினாள்.

இரண்டு வருசத்துக்கு முன்புவரை தில்லைநாதனுக்கு இரத்தினபுரியில் பலசரக்குக் கடை இருந்தது. கடைக்கு மேலே வீடு. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் இரண்டும் எரிந்தபோது சத்தியபாமா பின்வளவுச் சிங்கள மனுசியின் குசினிக்குள் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தாள். பிறகு முகாம், கப்பல், காங்கேசன்துறை. கட்டிய சீலையோடு புங்குடுதீவுக்கு வந்தவர்களுக்குத் தில்லைநாதனின் தமையன் தம்பிஐயா மடத்துவெளியில் தன் வளவுக்குள் இருந்த சின்ன வீட்டைத் துப்புரவாக்கிக் கொடுத்தார். அவருடைய மனைவி அன்னபூரணம் பழைய அலுமாரி ஒன்றும் கதிரைகளும் தந்தாள். தந்ததை யாரும் மறக்கவும் விடவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். உயிர் தப்பினதே பெரிய காரியம். பிள்ளை குட்டி இல்லாததும் ஒருவகையில் நல்லதுதான். சத்தியபாமா தலையாட்டினாள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். ஒருநாளும் யாரையும் ஏசவில்லை. ஏசுவதென்றால் யாரை என்றும் தெரியவில்லை.

தம்பிஐயா நல்ல தண்ணீருக்கென்று புதுக் கிணறு வெட்டத் தொடங்கியது இந்த வருசம் பங்குனியில். வெடிமருந்து எடுக்க ஏலாத காலம். ஆட்கள் அலவாங்கும் சம்மட்டிக் கூடமுமாகப் பாறையை உடைத்து மேலே அனுப்பினார்கள். கிணற்றடியில் வெள்ளைக் கல் மலைபோலக் குவிந்தது. கத்தரிப் பாத்திக்கு வரம்பு கட்டலாம் என்று சத்தியபாமா நாலு கல் பொறுக்கப் போனாள். தூக்கிய கல்லொன்று கைதவறி விழுந்து இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஒரு சிப்பி இருந்தது. விசிறி விரித்ததுபோல வரிவரியாக, ஒரு மூலைகூட உடையாமல் இருந்தது.

அவள் அந்த இடத்திலேயே குந்திவிட்டாள். வெயில் உச்சியில் ஏறியதோ, அடுப்பில் சோறு அடிப்பிடித்ததோ தெரியவில்லை. கொண்டை ஊசியைக் கழற்றிச் சிப்பியைச் சுற்றியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டினாள். அது கையோடு கழன்று வந்தபோது சிரித்தாள். இரண்டு வருசத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. பக்கத்தில் ஆள் இல்லாதது நல்லதாயிற்று.

அதற்குப் பிறகு அவளை வீட்டில் பிடிக்க முடியவில்லை. கிணற்றடிக் குவியலை முடித்தாள். ஊரில் யார் கிணறு இறைத்தாலும் யார் அத்திவாரம் வெட்டினாலும் போய் நின்றாள். கடல் வற்றும் நேரத்தில் கரைப் பாறைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். முறுக்கிய சங்குகள், தேன்கூடு போன்ற பவளத் துண்டுகள், காசளவான வட்டங்கள். பழைய பல்லுத்தூரிகையால் தேய்த்துக் கழுவி, வெயிலில் உலர்த்தி அலுமாரியில் அடுக்கினாள். இரத்தினபுரியில் தெருவுக்குத் தெரு மாணிக்கம் விற்றார்கள். அவள் ஒன்றையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இந்தச் சுண்ணாம்புக் கற்களுக்காக இரவில் நித்திரை முறிந்தது. விடிந்தால் இன்றைக்கு என்ன கிடைக்குமோ என்று நெஞ்சு அடித்தது.

“விசர் பிடிச்சிட்டுது” என்றாள் அன்னபூரணம், அவளுக்குக் கேட்கவே.

ஊர்காவற்றுறையில் விலங்கியல் படிப்பிக்கும் எமிலி ரீச்சரைப் பற்றி யாரோ சொல்ல, ஒரு பையில் கற்களைக் கட்டிக்கொண்டு போனாள். எமிலி ஒவ்வொன்றாக எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். வியப்பில் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“எங்கை எடுத்தனீங்கள் இதுகளை? இந்தத் தீவு முழுக்க ஒருகாலம் கடலுக்குக் கீழை கிடந்தது. அப்ப சீவிச்ச சீவன்கள். ஒரு கோடி வருசத்துக்கு மேலை இருக்கும்.”

“அப்ப ஆக்கள் இருந்தவையோ?”

“ஒருத்தரும் இல்லை. இதைக் கண்ட முதல் மனுசி நீங்கள்தான்.”

பஸ்ஸில் திரும்பும் வழி முழுதும் சத்தியபாமா அந்த வசனத்தை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். இது அவளுக்குச் சீதனமாக வந்ததல்ல, யாரும் இரங்கித் தந்ததும் அல்ல. ஒருவர் கையும் பட்டிராத பொருள், அவள் கண்டெடுத்தது.

அந்தப் பூக்கல் கிடைத்தது கிணற்றின் அடிப்பாறையில். உள்ளங்கை அளவு. மேடான வட்டக் கல்லின் நடுவில் ஐந்து இதழ்கள், ஊசியால் குத்திக் கோலம் போட்டதுபோல. கடலடியில் முள் முள்ளாக உருண்டுகிடக்கும் சீவனின் ஓடு என்றாள் எமிலி. அன்னபூரணம் அதைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“இது சாமியின்ரை அடையாளம். என்னட்டைத் தா.”

“சாமி இல்லை அக்கா, பழைய கடல்சீவன். தரமாட்டன்.”

அதற்கு அடுத்த கிழமை கிணற்றில் தண்ணீர் வந்தது. உப்புத் தண்ணீர். நல்ல சாப்பாடு போட்டு ஆட்களை வைத்து வெட்டிய கிணறு.  பிறகு அன்னபூரணம் காரணம் கண்டுபிடித்தாள். கிணற்றுக்குள் இருந்த சாமியை ஒருத்தி எடுத்து அலுமாரிக்குள் பூட்டி வைத்தால் தண்ணீர் உப்பாகத்தானே போகும்?

இப்போது சத்தியபாமா கிணற்றடிக்கு வந்தபோது அங்கே பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். வேப்பமரத்தின் கீழ் ஒரு முக்காலியில் சிவப்புப் பட்டு விரித்துப் பூக்கல்லை வைத்திருந்தார்கள். எண்ணெய் வார்த்து, சந்தனமும் குங்குமமும் அப்பியதில் இதழ்களில் மூன்று மறைந்துபோயிருந்தன. எண்ணெய் குடித்த கல் கறுத்துக் கிடந்தது. பக்கத்தில் மேசன் ஒருவர் பீடத்துக்குப் பலகை அடித்துக் கொங்கிறீட் போட்டு, அதன் முகத்தை மட்டப்பலகையால் இழுத்துக்கொண்டிருந்தார்.

“மற்றக் கல்லுகள் எங்கை, அத்தான்?”

தம்பிஐயா சால்வையைச் சரிசெய்தார். “சாமியோடை வந்த கல்லுகள் சாமிக்குக் கீழையே கிடக்கட்டும் எண்டு போட்டாச்சு.”

“எதுக்குள்ளை போட்டாச்சு?”

அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஈரச் சீமெந்துக்குள்ளிருந்து ஒரு சங்கின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேசன் அதன்மேல் ஒரு கரண்டி சாந்தை அப்பினார்.

சத்தியபாமா சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பலகையைக் காலால் உதைத்தாள். அது சரிந்தது. முழங்காலில் இருந்து இரண்டு கைகளையும் சாந்துக்குள் விட்டாள்.

“என்னடி செய்யிறாய்!” அன்னபூரணம் கத்தினாள்.

“என்ரையை எடுக்கிறன்.”

சீமெந்து கையை எரித்தது. நகத்துக்குள் ஏறியது. அவள் துழாவித் துழாவிக் கற்களை இழுத்து வெளியே போட்டாள். சில முழுதாக வந்தன. சில கூடத்தால் அடித்துச் சல்லியாக்கப்பட்டிருந்தன. தேன்கூட்டுப் பவளத்தின் அரைவாசி அகப்பட்டது, மற்றது அகப்படவேயில்லை. முதல்நாள் கிடைத்த விசிறிச் சிப்பியைத் தேடித் தேடி, மூன்று துண்டுகளாக எடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் போட்ட சத்தம் சுற்றியிருந்த வளவுகளுக்கெல்லாம் கேட்டது.

“சாமி கும்பிடுற ஆக்களோ நீங்கள்! கேக்காமல் எடுக்கிறதுக்குப் பேர் என்ன? கோடி வருசமாய் உடையாமல் கிடந்ததை ஒரு காலமைக்குள்ளை உடைச்சுப் போட்டியளே! உங்கடை கிணறு உப்பெண்டால் அது கடலுக்குப் பக்கத்திலை வெட்டின குற்றம். என்ரை குற்றமோ?”

“மரியாதையாய்க் கதை” என்றார் தம்பிஐயா. “இருக்கிறது என்ரை வீட்டிலை.”

“தெரியும். ஒவ்வொரு நாளும் சொல்லிப்போட்டியள்.”

தில்லைநாதன் ஓடிவந்து அவள் தோளைத் தொட்டார். “பாமா, விடும். சனம் பாக்குது.”

அவள் திரும்பினாள். முகமெல்லாம் சாந்து.

“பாக்கட்டும்! இரத்தினபுரியிலை எரிச்சவன் ஆரெண்டும் எனக்குத் தெரியாது. கதவை உடைச்சுக்கொண்டுதான் உள்ளுக்கு வந்தான். இஞ்சை திறப்பை எடுத்துக் குடுத்தது நீங்கள்.”

தில்லைநாதனின் கை கீழே விழுந்தது. 

சத்தியபாமா எழுந்து முக்காலியடிக்குப் போனாள். பூக்கல்லை எடுக்கக் கை நீட்டியபோது, அதற்கு முன்னால் ஒருத்தி குந்தியிருப்பதைக் கண்டாள். பின்வீட்டுச் சின்னத்தங்கம். கொழும்பில் வேலைக்கு நின்ற அவளுடைய மகன் பரராசசிங்கத்தை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டுபோய் எட்டு மாதம். எந்த முகாம் என்றுகூடத் தெரியாது. சின்னத்தங்கம் சண்டை எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. எரிந்து முடிந்த கற்பூரத்தின் பக்கத்தில் இன்னொன்றை வைத்து, நெருப்புக்குச்சியைக் கிழிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். குச்சி முறிந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

“எடுக்கப்போறியோ, பிள்ளை?” என்று மட்டும் கேட்டாள்.

சத்தியபாமாவுக்கு அது சாமி இல்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்ல ஏலவில்லை. எடுக்கவும் ஏலவில்லை. தன் பொருளைத் தானே விட்டுவிட்டு வரவேண்டியிருந்தது அவளுக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது. சின்னத்தங்கத்தின் மேலும் ஆத்திரம் வந்தது. அதற்காகத் தன்மேலும் வந்தது. தம்பிஐயா பக்கம் திரும்பினாள்.

“இதை நான் விட்டது உங்களுக்காக இல்லை. அதை மட்டும் நினைவிலை வைச்சிருங்கோ.”

மீட்டதைச் சீலையில் அள்ளிக்கொண்டு போய் அந்த உப்புக் கிணற்றிலேயே தண்ணீர் அள்ளிக் கழுவினாள். யாரும் தடுக்கவில்லை. சாந்து இறுகிய கற்கள் ஒன்றும் தேறவில்லை. கைகள் வெந்து, தோல் உரிந்து, ஒரு கிழமை சோறு பிசைந்து உண்ண ஏலாமல் கரண்டியால் சாப்பிட்டாள்.

மாதம் முடிய முன் வீட்டை விடச் சொல்லி ஆள் வந்தது. தில்லைநாதன் இரண்டு வருசத்தில் முதல்தடவையாகத் தானே வெளிக்கிட்டு நாலு இடம் விசாரித்து, லண்டனுக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்தின் பூட்டிய வீட்டைக் காவலுக்கென்று கேட்டெடுத்தார். கடற்கரைக்குக் கிட்ட. பாத்திரங்களைத் தானே சைக்கிளில் கட்டி ஏற்றினார். அவள் அவரோடு பேசவில்லை. சோறு போட்டு வைத்தாள், தேத்தண்ணி வைத்தாள், பேசவில்லை. அவர் ஒருநாள் “அண்ணைக்கு மாட்டன் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை” என்றார். இன்னொரு நாள் “பிழைதான்” என்றார். அவள் இரண்டையும் கேட்டாள். கோபம் குறையவில்லை. குறையவேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. எத்தனையோ காலம் பொத்தி வைத்த வாய். இனிமேல் அது திறந்தே இருக்கட்டும்.

கை ஆறியதும் கடற்கரைக்குப் போனாள். வற்றுக் கடல். பாசி வழுக்கும் பாறைகளுக்கிடையில் குந்தி, சுத்தியலால் ஒரு மேட்டை அடித்தாள். அன்னபூரணத்தை நினைத்து ஒரு அடி. மேசனை நினைத்து ஒரு அடி. மூன்றாவது அடியில் பாறை விண்டது. வெள்ளைக்குள் கருநீலமாக ஏதோ பளபளத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியால் சுற்றிவரக் கிண்டினாள். முக்கோணமாக, ஓரமெல்லாம் மரம் அரியும் வாள்போல் கூர்கூராய் இருந்தது. பெருவிரலைவிடப் பெரிது. சுறாப் பல்லு. மினுக்கம் இன்னும் போகவில்லை. விரலை வைத்தால் வெட்டும்போல இருந்தது. அவளுக்குக் கத்தவேண்டும்போல வந்தது. எமிலி ரீச்சர் இதைக் கண்டால் என்ன சொல்லுவா!

பின்னால் தண்ணீர் சளக்கென்றது. தில்லைநாதன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“என்ன அது?”

“ஏன், ஆருக்கும் குடுக்கப்போறியளோ?”

அவர் தலை குனிந்தார். போய்விடுவார் என்று அவள் நினைத்தாள். போகவில்லை.

“பாக்கத்தான் கேட்டனான்” என்றார்.

அலை ஒன்று வந்து இருவரின் காலையும் நனைத்துத் திரும்பியது. சத்தியபாமா உள்ளங்கையை விரித்தாள். கையை நீட்டவில்லை, தன் மடியோடேயே வைத்துக்கொண்டாள்.

“தொடக்கூடாது. அங்கை நிண்டு பாருங்கோ.”

தில்லைநாதன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார்.