கொன்றவன் பேர் முதல் பக்கத்தில்

துப்பறியும் நாவல் எழுதும் இசக்கிப்பாண்டி, பிறத்தியார் நாவல் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. தென்காசியில் அது அவர் மனைவி தங்கபுஷ்பத்துக்கு மட்டுமே தெரியும். படிப்பவள் அவள்தான். சோறு போடும்போது கதையைச் சொல்வாள். அவர் மோருக்கு வருவதற்குள் கொலைகாரன் பிடிபட்டாக வேண்டும்.

அந்த வருஷம் சென்னைப் பத்திரிகை ஒன்று, குற்றாலம் சீசனுக்குப் போகிறவர்கள் படிக்க ஐந்து நாவல்களைச் சிபாரிசு செய்யச் சொல்லி அவரைக் கேட்டது. சொந்த நாவலைச் சேர்க்கக் கூடாதாம். அவள் சொன்ன கதைகளை வைத்தே மனிதர் ஜமாய்த்துவிட்டார். பத்திரிகை வந்ததுதான் தாமதம், அருவியில் குளித்த எண்ணெய்ப் பிசுக்கு போகுமுன் ஆட்கள் குதிரைவண்டி பிடித்துத் தென்காசி வாசகசாலைக்கு வந்து அந்த ஐந்தையும் கேட்டு நச்சரித்தார்கள். இசக்கிப்பாண்டியின் புது நாவல் சீந்துவாரில்லாமல் அலமாரியில் கிடந்தது.

அப்புறம்தான் அந்த அநியாயம் நடந்தது. ஐந்து நாவலிலும் முதல் பக்கத்தில் யாரோ பென்சிலால் கொலைகாரன் இன்னான் என்று எழுதிவைத்துவிட்டார்கள். கதை படிக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய துரோகம் உண்டா? வாசகசாலைச் செயலாளர் குத்தாலிங்கம், துப்புத் துலக்கித் தரும்படி இசக்கிப்பாண்டியிடமே வந்து நின்றார்.

ரசத்தில் உப்புக் குறைந்தால் வீட்டை இரண்டாக்குகிற மனிதர், தான் சிபாரிசு செய்த புஸ்தகங்கள் பாழானதற்கு வருத்தப்படவே இல்லை. பாட்டு முணுமுணுத்துக்கொண்டு சட்டை மாட்டினார். அது தங்கபுஷ்பத்தை உறுத்தியது. புஸ்தகம் மாற்ற வேண்டும் என்று சொல்லி அவளும் கூடவே கிளம்பினாள்.

வாசகசாலையில் சாரல் ஈரம் பட்ட புஸ்தக வாசனை. மேஜைக்கு எதிரே பெண்கள் பள்ளிக்கூடத்து ஹைருன் பீவி டீச்சர் நின்றுகொண்டிருந்தார். இசக்கிப்பாண்டி தொண்டையைக் கனைத்தார்.

"அஞ்சையும் முதல்ல வீட்டுக்குக் கொண்டுபோனது இந்த டீச்சர்தான். வேற யாரைச் சந்தேகப்படச் சொல்லுதிய?"

குத்தாலிங்கம் உறுப்பினர் பதிவைத் திறந்து பேனாவை எடுத்தார். பேரை அடித்துவிட்டால் டீச்சருக்கு இந்த ஊரில் வேறு புஸ்தகம் கிடைக்காது. பள்ளிக்கூடத்திலும் திருட்டுப் பட்டம்போல ஒட்டிக்கொள்ளும்.

"அஞ்சையும் கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்கேன்," என்றார் டீச்சர். "அஞ்சாவதுல கொன்னது டாக்டர். இதுல நொண்டிச் சமையல்காரன்னு எழுதியிருக்கு. அந்த நாவல்ல நொண்டியே கிடையாது. படிச்சவ இப்படி எழுதுவாளா?"

"நம்மளத் திசைதிருப்ப வேணும்னே எழுதுதது அது," என்று சிரித்தார் இசக்கிப்பாண்டி. "என் கதையில இந்த மாதிரி எத்தனை பேரு!"

நொண்டிச் சமையல்காரன். தங்கபுஷ்பம் மேஜையிலிருந்த அந்தப் புஸ்தகத்தை இழுத்து முதல் பக்கத்தைப் பார்த்தாள்.

அந்த ஐந்தாவது நாவலை அவள் பாதி படித்திருந்தபோதே, பத்திரிகைக்கு அனுப்பத் தபாலுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் அவசரப்படுத்தினார். சமையல்காரன்மேல்தான் சந்தேகம் என்று ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள். கதை சப்பென்றிருக்கிறதே என்று, நல்ல கால்களோடு இருந்தவனை நொண்டியாக்கியதும் அவள்தான். பிறகு டாக்டர் என்று தெரிந்தது. அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த நொண்டி அவள் வாயில் பிறந்து அவர் காதுக்கு மட்டும் போனவன்.

வயிற்றெரிச்சலில் செய்ததைக்கூட அவள் மன்னித்திருப்பாள். பழியை ஓர் அப்பாவி தலையில் கட்டிவிட்டுச் சிரிக்கிறாரே, அதைத்தான் தாங்கமுடியவில்லை.

"டீச்சர் பேர அடிச்சுராதிய, அண்ணாச்சி. எழுதுனது யாருன்னு எனக்குத் தெரியும்."

இசக்கிப்பாண்டியின் சிரிப்பு நின்றது. "ஏட்டி, வீட்டுக்குப் போ," என்றார்.

"இரும் தம்பி," என்று அவரை அமர்த்திய குத்தாலிங்கம் இவளைப் பார்த்தார். "யாரு தாயி? பேரச் சொல்லு."

எப்படிச் சொல்வாள்? தாலி ஏறிய நாளிலிருந்து அந்தப் பேரை அவள் உச்சரித்ததில்லை. புருஷன் பேரைச் சொல்லுகிற பெண் அந்த ஊரிலேயே கிடையாது. அலமாரியிடம் போனாள். யாரும் தொடாத அந்தப் புது நாவலை எடுத்துத் தூசியை முந்தானையால் துடைத்தாள். முதல் பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தாள்.

"இதுலயும் முதல் பக்கத்துலயே பேரு போட்டிருக்கு, அண்ணாச்சி. நீங்களே வாசிங்க."

குத்தாலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாவலின் தலைப்புக்குக் கீழே அச்சாகியிருந்த பேரை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.