வீட்டுக்காரர் கையெழுத்து

மார்ச் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, பொது மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தின் முதல் மாடியில், நான்காவது கவுன்டரில், ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் தன் கணவரைத் தன்னுடைய காப்பீட்டில் சேர்க்கும்படி விண்ணப்பித்தாள்.

அவள் அந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கணவர் வந்து ஒரு குளிர்காலம்கூட முடிந்திருக்கவில்லை. அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் காப்பீடு உண்டு. அவர்களை நம்பி இருக்கும் கணவனையோ மனைவியையோ அதில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை, சேருகிறவருக்கு அந்த நாட்டில் சொந்த வருமானமோ சொத்தோ இருக்கக் கூடாது. சலவைக்கூடத்தில் எதிர்ப் பக்கம் நின்று துணி மடிப்பவள் இதைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள்.

"சொத்து இல்லைன்னு காட்டணுமா? அதுல நாம டிஸ்டிங்ஷன் ஆச்சே" என்றார் அவர்.

அவரை எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அப்பாவே 'டிரைவர் மாப்பிள்ளை' என்றுதான் சொல்வார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே லாரி ஓட்டியவர். மகளைக் காலேஜ் ஹாஸ்டலில் விட்டுவிட்டு, லாரியை விற்றுவிட்டு மனைவி பின்னால் வந்திருந்தார். அந்த ஊர் பஸ் டிப்போவில் ஆள் பற்றாக்குறை என்று கேள்விப்பட்டு, தன் லைசென்ஸை அங்கத்திய லைசென்ஸாக மாற்றித்தரச் சொல்லி எழுதிப் போட்டிருந்தார். அது வரும் வரைக்கும் தினமும் டிப்போ வாசலுக்கு நடந்து போய், நீளமான பஸ்கள் குறுகிய கேட்டுக்குள் எப்படித் திரும்புகின்றன என்று பார்த்துக்கொண்டு நிற்பார். சாயங்காலம் வந்து, எந்த டிரைவர் எவ்வளவு தூரத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தான் என்று அவளுக்குச் சொல்வார். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே ம் கொட்டுவாள்.

அவருக்குச் சர்க்கரை பல வருஷமாக உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை தீரும் தறுவாயில் இருந்தது. அதற்குள் காப்பீட்டில் சேர்த்துவிட வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஷூ விஷயம் வந்தது.

தரையெல்லாம் பனி உறைந்து கிடக்கிறதே என்று அவள்தான் அந்தக் கனத்த ஷூவை வாங்கிக் கொடுத்தாள். விலைச்சீட்டைக் கோர்த்திருந்த பிளாஸ்டிக் முள் உள்ளே விழுந்து கிடந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை. டிரைவர் அதைப் போட்டுக்கொண்டு டிப்போவுக்குப் போய், நாள் பூராவும் நின்று, திரும்பி நடந்து வந்தார். சாக்ஸைக் கழற்றினால் ஈரம். வலது பெருவிரலுக்குக் கீழே முள் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

"எனக்கும் காலுக்கும் பேச்சுவார்த்தை நின்னு ரொம்ப நாளாச்சு" என்றார்.

மறுநாளே அவள் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்விட்டாள்.

கவுன்டரில் இருந்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் எந்த மொழி என்று கேட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு, நடுவில் வைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் தமிழில் வணக்கம் சொன்னது. சின்ன வயதுக் குரல். அங்கேயே பிறந்து வளர்ந்து, வீட்டில் பேசிப் பழகிய தமிழ். வாய்க்கு வாய் அக்கா என்றது. அரசாங்க அலுவலகத்தில் ஒருத்தி தன்னை அக்கா என்று கூப்பிடுவாள் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. திருமணச் சான்றிதழ், பாஸ்போர்ட், சம்பளச் சீட்டு எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் அவர் ஒரு தாளை இந்தப் பக்கம் தள்ளினார்.

"அக்கா, இது ஒண்ணுதான் பாக்கி. நீங்க குடியிருக்கற முகவரிக்கான சான்று. கீழ வீட்டுக்காரர் கையெழுத்து போடணும். போட்டுத் தபால்ல அனுப்பிடுங்க, மறுபடி நீங்க வரவே வேண்டாம்."

"வீட்டுக்காரர் மட்டும் போட்டாப் போதுமாம்மா? நான் போட வேண்டாமா?"

குரல் கேட்டுச் சொன்னது. "வேண்டாங்கா. வீட்டுக்காரர் மட்டும்."

பூட்டுக்கடைக்கு மேலே, படியேறினால் ஒற்றை அறை, அதுதான் வீடு. டிரைவர் காலை ஸ்டூல் மேல் நீட்டியபடி தாளை மடியில் ஒரு தட்டு வைத்து அதன் மேல் வைத்துக்கொண்டார். தாளில் இருந்த மொழி இருவருக்கும் படிக்கத் தெரியாது. கோடு போட்டிருந்த இடத்தில் பெயரைப் பெரிய ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டு, அழுத்திக் கையெழுத்துப் போட்டார். சலானில் கார்பன் காப்பிக்கும் சேர்த்துப் போட்டுப் போட்டு வந்த பழக்கம், எப்போதும் அவர் கையெழுத்து அடித்தாள் வரைக்கும் இறங்கும். அவள் அன்றே தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டாள்.

அதற்குப் பிறகு காத்திருந்தார்கள்.

மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கினார்கள். புண் வாய் மூடுகிற மாதிரி இருக்கும், இரண்டு நாளில் ஓரம் வெளுத்து மறுபடி திறக்கும். ஒரு தடவை கிளினிக்குக்குப் போய்க் கையில் இருந்த பணத்தைக் கட்டிப் பார்த்தார்கள். மருத்துவர் கட்டை மாற்றிவிட்டு எக்ஸ்ரே வேண்டும், ரத்தப் பரிசோதனை வேண்டும், பாதத்துக்கென்று இருக்கும் மருத்துவரிடம் உடனே போக வேண்டும் என்றார். அதெல்லாம் காப்பீட்டு அட்டை இருந்தால்தான் பதிவாகும், வந்ததும் வாருங்கள் என்று வரவேற்பில் இருந்த பெண் தன்மையாகவே சொன்னாள். உயிருக்கு ஆபத்து என்றால் பெரிய ஆஸ்பத்திரியில் அட்டை கேட்க மாட்டார்களாம். அதுவரைக்கும் கேட்பார்களாம்.

சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளைச் சூடான உருளைக்குள் விடுவது அவள் வேலை. போர்வையின் இரண்டு மூலையையும் சரியாகப் பிடித்து நேராக விட வேண்டும், ஒரு மூலை கோணினால் முழுப் போர்வையும் சுருண்டு உள்ளே போய்விடும். அந்த நாட்களில் அவள் பலமுறை கோணலாக விட்டுத் திட்டு வாங்கினாள். அலுவலகத்துக்கு இன்னொரு முறை போகலாமா என்று கேட்டால், டிரைவர் வேண்டாம் என்பார்.

"வர வேண்டாம்னு சொல்லியிருக்காங்கல்ல. போய் நின்னா, நம்பலையான்னு ஃபைலை அடியில தூக்கிப் போட்டுருவாங்க. செக்போஸ்ட்ல எத்தனை பார்த்திருக்கேன்."

மகள் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் அவர் போனை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வார். முகம் மட்டும் தெரியும். பஸ் எப்பப்பா ஓட்டப் போறே என்று அவள் கேட்பாள். அடுத்த மாசம் என்பார்.

பெருவிரல் நுனி கறுத்த அன்று அவள் அவரைக் கேட்காமலே அலுவலகத்துக்குப் போனாள்.

அதே கவுன்டர், அதே ஆள். தமிழுக்கு அவர்களிடம் ஒரே குரல்தான் போலிருக்கிறது, போனிலும் அதே பெண்தான் வந்தாள். கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசினார்.

"அக்கா, உங்க விண்ணப்பத்தை நிராகரிச்சிட்டாங்களாம். அந்தக் கடிதம் இன்னும் உங்களுக்கு வரலையாம்."

"ஏம்மா?"

"உங்க கணவருக்குச் சொந்த வீடு இருக்காம். சொத்து இருக்கறவரைச் சேர்க்க முடியாதாம்."

அவள் நிஜமாகவே சிரித்தாள். ஊரில் அவர்களுக்கு இருந்தது ஒரு லாரிதான், அதையும் விற்றாயிற்று என்றாள். எந்த வீடு என்று கேட்கச் சொன்னாள். கவுன்டரில் இருந்தவர் திரையைப் பார்த்து முகவரியை வாசித்தார். எண்ணும் தெருவும் அவளுக்கே புரிந்தன.

"நீங்க இப்ப இருக்கற வீடுதாங்கா."

"அது கீழ பூட்டுக்கடை வச்சிருக்கறவரோடது."

"வீடு என்னுதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கறது உங்க கணவர்ங்கறாங்க."

"ஆமா, போட்டாரு. நீதானம்மா வீட்டுக்காரர் கையெழுத்து போடணும்னே?"

கவுன்டரில் இருந்தவர் லைன் போய்விட்டதோ என்று போனை விரலால் தட்டிப் பார்த்தார்.

"அக்கா" என்றது குரல். "நான் ஹவுஸ் ஓனரைச் சொன்னேன்."

ஊரில் மாதம் பிறந்தால் வாடகைக்கு வந்து நிற்பவரை அவள் ஹவுஸ் ஓனர் என்றுதான் சொல்வாள். வீட்டுக்காரர் என்றால் அவளுக்கு ஒரே ஒரு ஆள்தான். கல்யாணமான நாளிலிருந்து, டாக்டரிடமும் ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்திலும், அவள் அவரைக் குறிப்பிட்டது அந்த ஒரு வார்த்தையால்தான். குரல் தானாகவே சொல்லிக்கொண்டு போனது. தன் அம்மா வாடகை கேட்டு வருகிறவரைத்தான் வீட்டுக்காரர் என்பாளாம். அப்பாவை 'உங்கப்பா' என்பாளாம். வேறு அர்த்தம் இருக்கும் என்று தோன்றவே இல்லையாம். பேச்சு உடைந்து உடைந்து வந்தது. பிறகு அந்தப் பெண் சுதாரித்துக்கொண்டு கவுன்டரில் இருந்தவரிடம் அவர் மொழியில் நெடுநேரம் விளக்கினாள். அவர் முதலில் புன்னகைத்தார், பிறகு அதை நிறுத்திக்கொண்டார்.

புரிகிறது என்றார். ஆனால் கையெழுத்திட்ட வாக்குமூலம் வாக்குமூலம்தான், அதை அழிக்க முடியாது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். உண்மையான உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். அனுமதி கிடைத்த நாளிலிருந்துதான் காப்பீடு, முன்தேதி போடுவதற்கு வழியில்லை. இன்னொன்று, பதிவேட்டில் உள்ள உரிமையாளருக்கு ஏற்கெனவே விளக்கம் கேட்டு நோட்டீஸ் போயிருக்கிறது.

அவள் வீட்டுக்கு வந்து சொன்னதும் டிரைவர் இருமல் வரும் வரைக்கும் சிரித்தார்.

"வாழ்க்கை பூரா வாடகை வீடு. ஒரு கையெழுத்துல மாடிவீடு வந்துருச்சு பாரு. இந்த மாச வாடகையை என் கையில குடு."

பிறகு சிரிப்பு நின்றது. காலைப் பார்த்தார். "கீழ போய் அந்த ஆளைப் பாரு, போ" என்றார்.

பூட்டுக்கடைக்காரர் நோட்டீஸைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். விரலெல்லாம் சாவி அராவிய பித்தளைத் தூள். அவள் நீட்டிக் கல்லா மேல் வைத்த புதுத் தாளைத் தொடவில்லை. நோட்டீஸில் இருந்த டிரைவரின் பெயரைக் காட்டிக் கேள்வி கேட்டார். அவளுக்குத் தெரிந்த அந்த ஊர் வார்த்தைகள் போர்வை, துண்டு, சூடு, நாளைக்கு, இது மாதிரி இன்னும் கொஞ்சம். அதை வைத்துக்கொண்டு விளக்கப் பார்த்தாள். மேலே கையைக் காட்டிப் புருஷன் என்றாள். அவரைக் காட்டி வீடு என்றாள். எங்கள் மொழியில் இரண்டும் ஒன்று என்று சொல்வதற்காக, புருஷன், வீடு, ஒன்று, ஒன்று என்று இரண்டு விரலையும் சேர்த்துக் காட்டினாள். அவர் முகம் சிவந்தது. புருஷனுக்குத்தான் வீடு என்று இவள் தன் கடைக்குள்ளேயே வந்து நின்று சொல்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். வக்கீல் என்ற வார்த்தை மட்டும் அவளுக்குப் புரிந்தது. அவள் வெளியே வந்ததும் ஷட்டரை இறக்கிவிட்டார்.

அலுவலகத்தில் கெஞ்சிப் பார்த்தாள். போனில் வரும் பெண்ணைக் கடைக்காரரிடம் பேச வைக்க முடியுமா என்று கேட்டாள். அந்தச் சேவை அலுவலகங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் உள்ளே மட்டும்தான் என்றார்கள். தன் சொந்த நம்பரிலிருந்து பேசட்டுமா என்று குரலே கேட்டுப் பார்த்தது. கவுன்டரில் இருந்தவர் விதியைச் சொன்னார். குரல் அதையும் தமிழில் சொன்னது.

பூட்டுக்கடைக்காரரின் வக்கீல், இது வெறும் தவறு, கையெழுத்துப் போடலாம் என்று சொல்லி முடிக்கக் கொஞ்ச நாளானது. கடைக்காரர் கையெழுத்திட்ட தாளைப் படியேறிக் கொண்டுவந்து கொடுத்தபோது டிரைவர் குளிர்காய்ச்சலில் போர்வைக்குள் கிடந்தார். அறையில் இருந்த வாடையில் கடைக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது அவர்தான். அவள் தாளைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். போகிற வழியில் ஒரு தபால்பெட்டி கடந்தது. நிறுத்தச் சொல்ல அவளுக்கு வார்த்தை தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் யாரும் அட்டை கேட்கவில்லை. ஒரு மருத்துவர் போனை ஸ்பீக்கரில் போட்டார். அதே குரல் வந்தது. அவள் யார் என்று குரலுக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் முறைப்படிதான் கேட்டது.

"நோயாளி உங்களுக்கு என்ன உறவு?"

அவள் வாயில் பழைய வார்த்தைதான் வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"கணவர்" என்றாள். கேட்க, யாரோ தூரத்து மனிதரைச் சொன்ன மாதிரி இருந்தது.

"சரிங்கக்கா. விஷம் மேல ஏறிட்டிருக்காம். வலது காலை முழங்காலுக்குக் கீழ எடுத்தாத்தான் ஆள் பிழைப்பார்ங்கறாங்க. அவருக்கு நினைவு தெளிவா இல்லாததால நீங்க கையெழுத்துப் போடணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னது. "நீங்கதாங்கா. வேற யாரும் இல்ல."

எங்கே போட வேண்டும் என்று அவள் மூன்று தடவை கேட்டுவிட்டுப் போட்டாள்.

அந்தக் காலை ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து டிரைவர் கண்ணைத் திறந்து, போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். எந்தக் கால் என்று கேட்டார். வலது என்றாள். பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் பிறகு தபாலில் போட்ட புதுத் தாள் மே மாதம் பரிசீலிக்கப்பட்டது. அவர் பெயரிட்ட காப்பீட்டு அட்டை ஜூன் மூன்றாம் தேதி வந்தது, மே பத்தொன்பதிலிருந்து செல்லும் என்று அதில் அச்சிட்டிருந்தது. அதே வாரத்தில் லைசென்ஸ் அலுவலகம் மருத்துவத் தகுதிச் சான்று கேட்டு எழுதியது. பதில் போகவில்லை. விண்ணப்பம் முடித்து வைக்கப்பட்டது.