பொழுது சாய்ந்தபின் தண்ணீர்

பெண்ணைக் கொடுத்தவர் மருமகன் வீட்டில் பத்து நாள் தங்குவதென்றால் இருமுவதற்குக்கூடக் கூச்சப்படுவார். அங்கே சம்பந்தியம்மாளும் வந்து தங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஜீவனஹள்ளியில் மகாவின் வீடு இரண்டே அறை. பின்னறைக் கட்டில் மாமியார் யசோதாவுக்கு. கண்ணில் புரை எடுத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. முன்னறைத் தரை அப்பா பச்சைமுத்துவுக்கு. கால்விரலில் சர்க்கரைப் புண். தினமும் கட்டு மாற்றவென்று தங்கவயலிலிருந்து வந்திருந்தார். புருஷன் ரவிக்கு இரவு வேலை, அவன் தப்பித்தான். சாப்பாட்டைக்கூட மகா சமாளித்துவிட்டாள், அத்தைக்குக் குழைந்த சோறு, அப்பாவுக்குக் கேழ்வரகுக் களி என்று. கழிப்பறையைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அது பின்னறையைத் தாண்டி இருந்தது. சர்க்கரைக்காரர் ராத்திரியில் நாலு தரம் எழுந்து போவார், நாலு தரமும் விளக்கைப் போடுவார்.

"உங்கப்பாவைக் குத்தம் சொல்லல மகா. வெளிச்சம் பட்டா கண்ணு குத்துது, அவ்ளோதான்," என்றாள் யசோதா.

நியாயமான பேச்சுதான். மகாவும் அதை நியாயமாகவே அப்பாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

"நைனா, பொழுது சாஞ்சப்புறம் தண்ணி கொஞ்சம் கம்மியா குடியேன்."

"சரிம்மா, அதுக்கென்ன."

அன்றிலிருந்து ராத்திரியில் விளக்கு எரியவில்லை. அவள் வைத்த சொம்புத் தண்ணீர் காலையில் வைத்தபடியே இருந்தது. தாகமெடுக்கும் என்று குழம்பைக்கூட ஒதுக்கினார், களி பாதிதான் இறங்கியது. மகா எல்லாவற்றையும் பார்த்தாள். "உங்கப்பாவுக்கு சுகர் கம்மியாயிடுச்சு போல, எழுந்துக்கறதே இல்ல," என்று அத்தை சந்தோஷமாகச் சொன்னபோது, "ஆமா அத்தை," என்றாள். வீடு சண்டையில்லாமல் இருந்தது, அவளுக்கு அது போதுமாயிருந்தது.

ஐந்தாம் நாள், மகாவோடு ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாற்றப் போன இடத்தில் பச்சைமுத்து தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். "உடம்புல தண்ணியே இல்ல. யாரு உங்கள குடிக்க வேணாம்னது?"

"யாரும் சொல்லல சார். எம்பொண்ணு சொம்பு நெறைய வச்சிடும். எனக்குத்தான் தாகமே எடுக்கல."

மகா குறுக்கிட்டாள். "நான்தான் சார் சொன்னேன். ராத்திரி எழுந்துக்கறாருன்னு."

டாக்டர் அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். தண்ணீரும் சாப்பாடும் ஒழுங்காக இல்லாவிட்டால் விரல் தங்காது என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

ஆட்டோவில் பச்சைமுத்துதான் முதலில் பேசினார். "டாக்டர் எதிர்ல ஏம்மா அப்படிச் சொன்னே? உன்னைத் தப்பா நெனைக்கப் போறாரு." கொஞ்ச தூரம் போனதும், "தண்ணி குடிச்சா எழுந்துக்கணும். சம்பந்தியம்மா கண்ணும் பாவம். நான் ஊருக்கே போயிடறேன், கட்டு அங்கயே மாத்திக்கறேன்," என்றார்.

தனியாக இருக்கும் மனிதருக்கு அங்கே யார் கட்டு மாற்றுவார்கள்? வேண்டாம் என்றுதான் மகா சொன்னாள். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் அவள் மனசு லேசாகிவிட்டது. அதை அவர் அவள் முகத்தில் பார்த்துவிட்டார். அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் வேட்டி சட்டையை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தார். மகா பக்கத்தில் நின்று, வேண்டாம் நைனா, வேண்டாம் நைனா என்று அழுதுகொண்டே சொன்னாள். பையை மட்டும் அவர் கையிலிருந்து பிடுங்கவில்லை.