ஸ்டிக்கர் ஒட்டிய கால்

அந்தக் கபடி ஆட்டம் நடந்தது இரண்டாயிரத்து ஆறா, அதற்கடுத்த வருடமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. புள்ளிக் கணக்கும் மறந்துவிட்டது. சித்ரகலா அன்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அதுவும் இதே வார்த்தைகளில்தானா, தெரியாது.

எங்கள் பனியன் கம்பெனியில் பெண்களுக்கு ஒரு கபடிக் குழு இருந்தது; நானும் அதில் ஆடினேன். கேப்டன் சித்ரகலாவுக்குச் செக்கிங்கில் வேலை. துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். எதிரணிப் பக்கம் பாடிப் போவதற்கு நாங்கள் நம்பியிருந்தது பிரிசில்லாவை. ஊத்துக்குளியிலிருந்து ரயிலில் வரும் டெய்லர்.

ஷிப்ட் முடிந்ததும் கம்பெனிக்குப் பின்னால் ஆடிப் பழகுவோம். ஒருநாள் பிரிசில்லா திரும்பும்போது பிடிபட்டாள். சித்ரகலா ஒரு ஸ்டிக்கரை எடுத்து அவள் இடது முழங்காலில் ஒட்டினாள்.

“இந்தக் கால் டேமேஜுங்கோ. திரும்பறப்ப இழுக்குது.”

“அப்ப என்னையப் பனியன் வேஸ்ட்டுல போட்டுருங்கக்கா!”

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். அதன்பின் தோளுக்கு ஒன்று, பாதத்துக்கு ஒன்று என்று தினமும் ஸ்டிக்கர் விழுந்தது. சித்ரகலா கெட்டவள் அல்ல. திருத்துவதாகத்தான் நினைத்தாள்.

கம்பெனிகளுக்கிடையே நடந்த போட்டியில், பல்லடம் குழுவோடு இறுதி ஆட்டம். முதல் பாதியில் பிரிசில்லா போனபோதெல்லாம் பிடிபட்டாள். இடைவேளையில் தண்ணீர்கூட வாங்கவில்லை.

“வேற ஆரையாச்சும் அனுப்புங்கக்கா. இன்னையோட எனக்குக் கபடியே வேண்டாங்க.”

“ஏன் புள்ள, கால் வலிக்குதா?”

“வலியெல்லாம் இல்லீங்க. பாடீட்டுப் போனா எதிர்ல நிக்கறவங்க ஒருத்தருமே தெரியறதில்ல. கால்ல நீங்க ஒட்டுன ஸ்டிக்கருதான் தெரியுது.”

அன்று அவள் காலில் ஸ்டிக்கர் எதுவும் இல்லை. சித்ரகலா அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். விசில் ஊதியும் விடவில்லை.

“நல்ல பீசுல நான் ஒண்ணும் ஒட்டறதில்ல கண்ணு,” என்றாள். “பேசாம மடிச்சு வெச்சுருவேன். உன்ற நல்லதையும் அப்படியே பண்ணிப்போட்டேன். உன்ற மூச்சு நம்ம டீமுல ஆருக்குமில்ல. உன்ற வலது கை எட்டற தூரத்தப் பாத்தா எனக்கே பொறாமையா இருக்கும். தினமும் பாத்தேன், ஒருநாளும் சொல்லுல.”

“அப்ப காலுங்கக்கா?”

“கால் இழுக்கத்தான் செய்யுது. அத நாளைக்குப் பழகிக்கலாம். இப்பக் கைய நம்பிப் போ.”

பிரிசில்லா சிரித்துவிட்டுத் தண்ணீரை வாங்கிக் குடித்தாள். இரண்டாம் பாதியில் முதல் தடவையே ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். கடைசியாகப் பாடிப் போனபோது மூன்று பேர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, மூச்சை விடாமல் வலது கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டாள். அந்தத் தொடுதலில் வென்றோம்.

திரும்பும் பஸ்ஸில் சித்ரகலா எங்களிடம் சொன்னாள்: “குறையையே சொல்லிக்கிட்டிருந்தா ஒருத்தருக்குத் தன்மேல இருக்கற நம்பிக்கை போயிருதுங்க. அது போனா, இருக்கற பலமும் கைகுடுக்காது. குறையைச் சொல்றவங்க நெறையையும் வாய்விட்டுச் சொல்லோணும்.”

பிரிசில்லா கல்யாணமாகி உடுமலைப்பேட்டைக்குப் போனாள். அங்கே பெண்பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித்தருகிறாள். சித்ரகலா செக்கிங் இன்சார்ஜ் ஆனாள். ஸ்டிக்கரைத் துணியில் மட்டும் ஒட்டுகிறாள். கோப்பை ஆபீசில் இருக்கிறது. நான் அதே கம்பெனியில், பேக்கிங்கில் இருக்கிறேன்.