மூன்று பேர் பார்த்த குட்டை

தேவாலாவில் ஜூன் மாத விடிகாலையில் பன்னிரண்டடித் தண்ணீருக்குள் முங்கிப் பார்த்தவனுக்குத்தான் குளிர் என்றால் என்னவென்று தெரியும். மற்றவர்கள் கம்பளிக்குள் இருந்துகொண்டு பேசுகிறவர்கள். இடுப்பில் கயிறு, நெஞ்சில் அடக்கிய மூச்சு, கையில் ஒரு இரும்புப் பிரஷ். எஸ்டேட் குட்டையின் அடியில் மோட்டார்க் குழாயின் வாய் இருக்கிறது. அதன் சல்லடையில் அடைத்திருக்கும் சருகைச் சுரண்டி எடுத்தால்தான் ஃபேக்டரிக்கும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறுபது வீடுகளுக்கும் தண்ணீர் ஏறும். பதினேழு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. இப்போது நானும் புதுசாய் வந்த டெனினும் மாறி மாறி இறங்குகிறோம். ஒருவன் உள்ளே போனால் மற்றவன் கரையில் கயிறு பிடிப்பான்.

அன்று நான் மேலே வந்தபோது மேனேஜர் ராஜசேகர் குடையோடு நின்றிருந்தார். கையில் ஒரு காகிதம்.

"பாலகுமாரு, வெள்ளிக்கிழமை தேயிலை வாங்குற வெளிநாட்டுக்காரங்க வர்றாங்கப்பா. குட்டைத் தண்ணி நல்லா இருக்குதுன்னு உள்ள இறங்குற ஆளுங்க கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமாம். நீயும் டெனினும் போட்ருங்க."

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

"இதுல யோசிக்க என்னப்பா இருக்குது? மூணு வருசம் முந்தி நீயேதான ஆபீசுக்கு வந்து சொன்ன, பாசியெல்லாம் போயிருச்சு, அடி பளிச்சுன்னு தெரியுதுன்னு? நோட்டுல எழுதி வெச்சிருக்கறேன்."

சொன்னேன்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பாசி இருந்தவரை கல் வழுக்கும், சல்லடை தினமும் அடைக்கும், நண்டு கால்விரலைக் கவ்வும். எல்லாம் ஒவ்வொன்றாய்க் காணாமல் போனபோது, அப்பாடா, வேலை லேசாச்சு என்று சந்தோஷப்பட்டேன். அதற்கு முந்தின வருஷம்தான் குட்டைக்கு மேலே சரிவில் புல் பிடுங்கிய பெண்களை நிறுத்திவிட்டு, களைக்கு மருந்து அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க என் மண்டைக்கு எட்டவில்லை. போன மாதம் மகள் சுமலதா ஏழுமாத வயிற்றோடு பிரசவத்துக்கு வந்து, குழாயடியிலேயே அந்தத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தாள். அப்போதுதான் சுருக்கென்றது. நண்டுகூட வேண்டாமென்று போன தண்ணீர் அது.

அன்று சாயங்காலம் நானும் டெனினும் பொன்னுத்துரை அண்ணன் வீட்டில் உட்கார்ந்தோம். சிலோனிலிருந்து வந்த குடும்பம் அவருடையது. எனக்கு முன்னால் இருபது வருஷம் குட்டையில் இறங்கியவர், இப்போது வாட்ச்மேன்.

"பாலண்ணா, நான் வந்து ரெண்டு வருசமாச்சு" என்றான் டெனின். "அன்னைக்கும் இப்படித்தான், இன்னைக்கும் இப்படித்தான். ஒரு நண்டுகூட கண்டதில்ல. இதுல கெட்டுப்போக என்ன இருக்கு?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "நீ என்னத்தடா கண்ட? நான் இறங்கின புதுசுல கல்லுக்குக் கல்லு நத்தை. தலைப்பிரட்டை மூஞ்சியில வந்து மொய்க்கும். அதுதான்டா குட்டை!"

பொன்னுத்துரை அண்ணன் பீடியை அணைத்தார்.

"நீ வாறப்பவே அது பாதி செத்துப்போச்சு தம்பி. எண்பத்தெட்டுல நான் முங்கறப்ப மீனு கூட்டங்கூட்டமா வந்து காலைக் கடிக்கும். அடியில நீளமா ஒரு செடி ஆடிக்கிட்டே கிடக்கும். ரெண்டும் ஒன் கண்ணுல படவேயில்ல. நத்தையப் பார்த்துட்டு நீ ஆகா ஓகோன்னு குதிச்ச. புதுசா வந்தவன் சந்தோசமா இருக்கட்டுமேன்னு நானும் வாயப் பொத்திக்கிட்டேன். அது என் தப்பு."

நான் நல்ல குட்டை என்று நெஞ்சில் வைத்திருந்தது அவருக்குக் கெட்டுப்போன குட்டை. டெனினுக்கோ செத்த குட்டைதான் குட்டை. நாளைக்கு இவனுக்குப் பிறகு இறங்குகிறவன் எதைப் பார்த்து நல்லது என்று சொல்வானோ!

"கையெழுத்துத்தானே கேக்குறாங்க? போடுவோம்ணே" என்றேன். "ஆனா மேலே எழுதுறது நாம எழுதுவோம்."

டெனினுக்குத்தான் கையெழுத்து அழகு. யார் எந்த வருஷம் இறங்கினோம், என்ன பார்த்தோம், எது எப்போது காணாமல் போனது, சரிவில் மருந்து எப்போது வந்தது, எல்லாவற்றையும் எழுதி மூவரும் பெயர் போட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டு நேரத்தில், கொழுந்துக்குப் போகிற பெண்கள் கூடையோடு ஆபீஸ் முற்றத்தில் நிற்கும்போது, அங்கே மேஜை போட்டு உட்கார்ந்திருந்த மேனேஜரிடம் காகிதத்தைக் கொடுத்தோம். படிக்கப் படிக்க அவர் முகம் சிவந்தது.

"மூணு பேருக்கும் கிறுக்குப் புடிச்சிருச்சா? ஏம்ப்பா, அன்னைக்கு ஒண்ணு சொன்ன, இன்னைக்கு ஒண்ணு எழுதற?"

"அன்னைக்குச் சொன்னது தப்பு சார். வேலை கொறைஞ்ச சந்தோசத்துல சொல்லிட்டேன்."

"அப்ப ஞாயித்துக்கிழமைக்குள்ள ஊட்டக் காலி பண்ணு." டெனின் பக்கம் திரும்பினார். "நீ என்னத்துக்குடா போட்ட? நீதான் ஒண்ணையும் பார்க்கவே இல்லியே?"

டெனின் அவரை நேராகப் பார்த்தான். "பார்க்கல சார். அதான் எனக்குப் பயமா இருக்கு."

சுமலதாவின் முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது. இந்த நிலையில் அவளை எங்கே கூட்டிக்கொண்டு போவேன்? அப்போது என் மனைவி வேலாயி கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தாள். மேஜைமேல் கிடந்த காகிதத்தை எடுத்தாள்.

"பேனாவைக் குடுங்க தொரை. எங்க போடணும்?"

அவளுக்குப் பின்னால் ஆண்டாயி, ஆண்டாயிக்குப் பின்னால் இன்னொருத்தி. ஒரு காலத்தில் அந்தச் சரிவில் கையால் புல் பிடுங்கியவர்கள் எல்லாரும் வந்து நின்றார்கள்.

"மருந்த நிறுத்துங்க, புல்ல நாங்க புடுங்கறோம்" என்றாள் வேலாயி. "ஊட்டக் காலி பண்ணச் சொன்னா அறுபது ஊட்டையும் சேர்த்துச் சொல்லுங்க."

"என்ன கூத்து இது!" மேனேஜர் எழுந்துவிட்டார். "உங்கள்ல ஒருத்தியாச்சும் அந்தக் குட்டைக்குள்ள இறங்கியிருக்கீங்களா? உள்ள என்ன இருக்குதுன்னு உங்களுக்கு என்ன தெரியும்?"

கீழே வளைவில் விருந்தாளிகளின் ஜீப் ஹாரன் அடித்தது. வரிசை ஃபேக்டரி வாசல்வரை நீண்டிருந்தது. ஒருவரும் நகரவில்லை.

"இறங்கல தொரை" என்றாள் வேலாயி. "குடிச்சோம்."